சொல்லும் வண்ணமும்: வகுப்பறையில் இலக்கியத்தையும் ஓவியத்தையும் இணைத்துக் கற்பித்தல்

இலக்கியத்தையும் ஓவியத்தையும் ஒரே பாடவேளையில் சேர்த்துக் கற்பிக்கலாமா, கற்பித்தால் எதற்காக, எந்த முறையில் என்னும் வினாக்கள் கல்வியாளர்களிடையே நெடுங்காலமாக இருந்துவருகின்றன. கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் நியூரம்பெர்க் நகரில் வெளியிட்ட படப் பாடநூலில் தொடங்கி, இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஆகியவை வரை, கலைகளைப் பிற பாடங்களிலிருந்து பிரித்து ஒதுக்கலாகாது என்னும் கருத்து பலமுறை வலியுறுத்தப்பட்டுள்ளது. ஆயினும், ‘இணைத்துக் கற்பித்தல்’ என்னும் ஒரே பெயரின் கீழ் மூன்று வெவ்வேறு செயல்கள் நடைபெறுகின்றன. செய்யுளையோ கதையையோ எளிதில் விளங்கவைக்கப் படத்தைத் துணைக்கருவியாகக் காட்டுவது முதலாவது. ஓர் ஓவியத்தையும் ஓர் இலக்கியப் படைப்பையும் சம தகுதியுடைய இரண்டு ஆக்கங்களாக அருகருகே வைத்து ஆராய்வது இரண்டாவது. படித்ததை மாணவரே வரைந்து, அந்த வரைவின் வழியாக மீண்டும் நூலுக்குள் செல்வது மூன்றாவது.

பள்ளிகளில் பெருவழக்காக இருப்பது முதலாவதே. அதன் பயனை மறுப்பதற்கில்லை. எனினும், இரு கலைகளையும் சேர்த்துக் கற்பிப்பதன் முழுப்பயன் அடுத்த இரண்டு முறைகளில்தான் கிடைக்கிறது. ஓவியர் என்பவர் நூலின் கூர்மையான வாசகர். அவர் எதை எடுத்தார், எதை விடுத்தார், எதை மாற்றினார் என்று கேட்கும்போது மாணவர் நூலையே நுட்பமாக வாசிக்கக் கற்கிறார். இக்கருத்தின் வரலாற்றையும், அதற்குத் தமிழ் மரபிலும் பிற மரபுகளிலும் உள்ள சான்றுகளையும், அண்மைக்கால ஆய்வுகளின் முடிவுகளையும், நடைமுறைத் தடைகளையும் இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது.

இரு கலைகளின் உறவு பற்றிய வாதம்

கவிதையும் ஓவியமும் உடன்பிறந்தவை என்னும் எண்ணம் மிகப் பழையது. ஓவியத்தைப் பேசாத கவிதையாகவும் கவிதையைப் பேசும் ஓவியமாகவும் கருதிய கூற்றை, கிரேக்கக் கவிஞர் சிமோனிடீஸ் உரைத்ததாக புளூடார்க் பதிவுசெய்துள்ளார். ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் தம் கவிதையியல் நூலில் இவ்விரண்டையும் ஒப்பிட்டதை ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தினர் ஒரு கோட்பாடாகவே வளர்த்தெடுத்தனர். இந்த ஒப்புமைக்கு வலுவான மறுப்பைத் தந்தவர் ஜெர்மானியச் சிந்தனையாளர் லெஸ்ஸிங். 1506இல் ரோம் நகரில் கண்டெடுக்கப்பட்ட லாவோகூன் சிற்பத்தை முன்னிறுத்தி 1766இல் அவர் வெளியிட்ட ‘லாவோகூன்’ என்னும் நூல், ஓவியமும் சிற்பமும் பொருள்களை இடத்தில் அருகருகே நிறுத்துகின்றன என்றும், கவிதை செயல்களைக் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது என்றும் பிரித்துக் காட்டியது. ஆகவே, முன்னும் பின்னும் நிகழ்வனவற்றைப் பார்ப்பவர் ஊகித்துக்கொள்ளத்தக்க ஒரே கணத்தை ஓவியர் தேர்ந்தெடுக்க வேண்டியவராகிறார். கவிஞரோ நிலையான காட்சியையும் ஒரு செயலாக மாற்ற வேண்டியவராகிறார். இலியட் காப்பியத்தின் 18ஆம் பகுதியில் அக்கிலீஸின் கேடயத்தை வருணிக்கும் ஹோமர், முடிந்த கேடயத்தை விவரிக்காமல் அதைத் தேவக்கொல்லன் வார்த்தெடுக்கும் செயலையே விவரிப்பதை லெஸ்ஸிங் இதற்குச் சான்றாகக் காட்டினார். காட்சிக் கலைப்பொருளைச் சொல்லால் விரித்துரைக்கும் இவ்விலக்கிய உத்தியை ஐரோப்பியத் திறனாய்வு ‘எக்ஃப்ராசிஸ்’ என்று குறிப்பிடுகிறது.

இந்திய மரபு இவ்வுறவை வேறொரு திசையிலிருந்து அணுகியது. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் வச்சிரன் என்னும் அரசனுக்கும் மார்க்கண்டேய முனிவருக்கும் இடையே ஓர் உரையாடல் நிகழ்கிறது. படிமக்கலையைக் கற்க விரும்பும் அரசனிடம் முனிவர், அதற்கு ஓவியம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். ஓவியத்துக்கு ஆடலும், ஆடலுக்குக் கருவியிசையும், கருவியிசைக்கு வாய்ப்பாட்டும் அடிப்படை என்று விளக்கிச் செல்கிறார். ஒரு கலையை அறிவதற்கு மற்றொரு கலை நுழைவாயிலாகும் என்னும் இக்கருத்தை ஒரு பாடத்திட்டத்தின் தோற்றுவாய் என்றே கொள்ளலாம். லெஸ்ஸிங் வேறுபாட்டை வலியுறுத்தினார், விஷ்ணுதர்மோத்தரம் தொடர்பை வலியுறுத்தியது. வகுப்பறைக்கு இவ்விரண்டும் தேவை. தொடர்பு இல்லையேல் ஒப்பீடு தொடங்காது. வேறுபாடு இல்லையேல் ஒப்பிட்டுக் கற்பதற்கு எதுவும் இராது.

தமிழ் மரபின் சான்றுகள்

ஓவியத்தைப் பார்த்துக் கதையைக் கற்கும் செயலைத் தமிழ் இலக்கியமே பதிவுசெய்துள்ளது. பரிபாடலின் 19ஆம் பாடல், திருப்பரங்குன்றத்துக்கு வரும் மக்கள் அங்குள்ள எழுத்துநிலை மண்டபத்தில், அதாவது சுவரோவியங்கள் தீட்டப்பெற்ற மண்டபத்தில், நின்று பார்ப்பதைக் காட்டுகிறது. காமனும் இரதியும், பூனை வடிவில் வந்த இந்திரன், அகலிகை, சினங்கொண்ட கௌதம முனிவர் எனப் பல உருவங்கள் அங்கே உள்ளன. அறியாதவர் வினவ, அறிந்தவர் ஓவியத்தைச் சுட்டி விடை சொல்கின்றனர். படமும் வினாவும் கதையும் ஒன்றையொன்று தொடர்ந்துவரும் இக்காட்சி, வகுப்பறை உரையாடலுக்கு நல்ல முன்மாதிரியாகும்.

பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, ஓவியம் ஒரு கவிதைக்குள் எவ்வளவு பெரும்பணியாற்ற முடியும் என்பதற்குச் சான்று. போர்ப்பாசறைக்குச் சென்ற அரசனைப் பிரிந்து அரண்மனையில் வருந்தும் அரசியின் கட்டிலை நக்கீரர் வருணிக்கிறார். நாற்பது வயது நிரம்பிய யானையின் தந்தம் கொண்டு கைவல்ல கம்மியன் அக்கட்டிலை உருவாக்கிய விதத்தையே அவர் கூறிச் செல்வது, ஹோமரிடம் லெஸ்ஸிங் கண்ட உத்தியோடு ஒப்பிடத்தக்கது. கட்டிலுக்கு மேலே விதானமாக விரித்த மெழுகு பூசிய துணியில், மேடம் முதலாகிய விண்மீன் மண்டலமும், திங்களை விட்டுப் பிரியாத உரோகிணியும் தீட்டப்பட்டுள்ளனர். அதை அண்ணாந்து நோக்கும் அரசி பெருமூச்செறிகிறாள். அவள் கண்ணில் நீர் துளிர்க்கிறது. பிரிவின் துயரை நேரடியாக விளக்காமல், பிரியாத இருவரின் ஓவியத்தைப் பிரிந்திருப்பவளின் கண்முன் வைப்பதன் மூலம் கவிஞர் அதனை உணர்த்துகிறார். இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர், அந்த விதானத்தை வரையுமாறு மாணவரிடம் கூறினால், அரசியின் பார்வை எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதை ஒவ்வொருவரும் நூலைப் புரட்டித் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றுள் சுந்தரர் வரலாறு சிறப்பிடம் பெறுகிறது. திருமணத்துக்கான சமையல், மணவிழாவைத் தடுத்து ஓலையுடன் நிற்கும் முதியவர், வெள்ளை யானையில் சுந்தரரும் குதிரையில் சேரமான் பெருமாளும் கயிலைக்குச் செல்லும் பயணம் ஆகியவை ஒரே சுவரில் இடம்பெற்றுள்ளன. ஒரே பரப்பில் ஒருவரே வெவ்வேறு கணங்களில் பலமுறை தோன்றும் இம்முறையைக் கலைவரலாற்றாசிரியர்கள் ‘தொடர்கதைச் சித்திரிப்பு’ என்று வழங்குகின்றனர். அஜந்தாவின் சாதகக்கதை ஓவியங்களிலும், 1649 முதல் 1653 வரை மேவாரில் உருவான இராமாயணக் கையெழுத்துப் படிகளுக்குச் சாகிப்தீன் வரைந்த ஓவியங்களிலும் இதே முறையைக் காணலாம். ஓவியம் ஒரே கணத்துக்குக் கட்டுப்பட்டது என்னும் லெஸ்ஸிங்கின் முடிவு எல்லா மரபுகளுக்கும் பொருந்தாது என்பதை இவ்வோவியங்கள் கண்முன் நிறுவுகின்றன.

பாடநூலில் படத்தின் இடம்

கொமேனியஸின் நூலில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மரச்செதுக்குப் படம் இருந்தது. படத்திலுள்ள பொருள்களுக்கு இடப்பட்ட எண்கள், இலத்தீனிலும் ஜெர்மனிலும் அமைந்த சொற்களோடு அவற்றைப் பொருத்தின. குழந்தை முதலில் கண்டறியட்டும், பிறகு பெயரை அறியட்டும் என்பது அவர் கொள்கை. பிற்காலப் பாடநூல்களின் படங்கள் பெரும்பாலும் இந்நூலின் வழித்தோன்றல்களே. ஆனால், சொல்லுக்கு நேரான பொருளைச் சுட்டும் இம்முறை மொழியின் தொடக்கப் பாடங்களுக்குப் பொருந்தும் அளவுக்கு இலக்கியத்துக்குப் பொருந்துவதில்லை. செய்யுளில் மலை என்பது மலையை மட்டும் குறித்து நிற்பதில்லை. அதன் அருகில் அச்சிடப்பட்ட மலைப்படமோ மலையை மட்டுமே காட்டுகிறது.

இந்த எல்லையைக் கடக்க முயன்ற இடங்களுள் சாந்திநிகேதன் முதன்மையானது. இரவீந்திரநாத் தாகூர் 1901இல் தொடங்கிய பள்ளியைத் தொடர்ந்து 1919இல் கலாபவனம் என்னும் கலைப்பள்ளி உருவாயிற்று. நந்தலால் போஸ் அதனை வளர்த்தெடுத்தார். 1930இல் வெளிவந்த ‘சகஜ பாடம்’ என்னும் வங்காள எழுத்தறிவு நூலுக்குத் தாகூர் பாடல்களையும் உரைநடையையும் எழுத, நந்தலால் போஸ் லினோலியத்தில் செதுக்கிய கறுப்பு வெள்ளைப் படங்களை அளித்தார். ஒரு மொழியின் பெருங்கவிஞரும் பெரும் ஓவியரும் அகரமுதல் கற்கும் குழந்தைக்காகச் சேர்ந்து உழைத்தனர் என்பதே, இணைப்பு என்னும் சொல்லுக்கு அங்கு வழங்கப்பட்ட மதிப்பைக் காட்டும். அங்கேயே இந்தி பவனத்தின் சுவர்களில் பினோத் பிஹாரி முகர்ஜி 1946–47இல் தீட்டிய பெரிய சுவரோவியம், கபீர், சூர்தாசர், துளசிதாசர் முதலிய அருளாளர்களின் வாழ்க்கையைச் சித்திரிக்கிறது. இலக்கியம் பயிலும் கட்டடத்தின் சுவரே கவிஞர்களைப் பற்றிய நூலாக அங்கு விளங்குகிறது.

தமிழகத்திலும் இவ்வகை முயற்சிகளுக்குக் குறைவில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தபோது மணியம் வரைந்த ஓவியங்கள், பல தலைமுறை வாசகர்களின் மனத்தில் வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்தன. 1994இல் சென்னையில் தொடங்கப்பெற்ற தாரா புக்ஸ் பதிப்பகம், கோண்டு ஓவியர்கள், வங்காளத்துப் பட ஓவியர்கள் முதலியோரை நூலாக்கத்தில் பங்குபெறச் செய்தது. 2011இல் அது வெளியிட்ட ‘சீதாவின் இராமாயணம்’ என்னும் நூலுக்குச் சம்ஹிதா ஆர்ணி எழுதினார், மொய்னா சித்ரகார் ஓவியம் தீட்டினார். ஓவியச் சுருளை விரித்துப் பாடிக் கதை சொல்லும் வங்காளத்துப் பட மரபு, சீதையின் நோக்கிலிருந்து இராமாயணத்தைப் பார்க்கும் வாய்ப்பை அந்நூலுக்கு அளித்தது. இங்கு ஓவியம் கதைக்கு அலங்காரமாகச் சேர்க்கப்படவில்லை. கதை எந்த நோக்கில் சொல்லப்படுகிறது என்பதிலேயே ஓவிய மரபு பங்கேற்கிறது.

ஒப்பிட்டுக் கற்பிக்கத்தக்க மூன்று பாடங்கள்

முதலாவது, உலகெங்கும் இலக்கிய வகுப்புகளில் பயன்படும் இக்காரஸ் பாடம். மெழுகாலும் இறகாலும் ஆன சிறகுகளோடு பறந்து, சூரியனை நெருங்கியதால் மெழுகு உருகிக் கடலில் விழுந்த சிறுவனின் கதையை ரோமானியக் கவிஞர் ஓவிட் ‘உருமாற்றங்கள்’ என்னும் காப்பியத்தின் எட்டாம் பகுதியில் கூறுகிறார். வானில் பறப்போரைக் கண்டு மீன்பிடிப்பவனும் இடையனும் உழவனும் வியந்து, அவர்களைத் தேவர்கள் என்றே எண்ணுவதாக அவர் பாடுகிறார். பிரசெல்ஸ் அரச அருங்காட்சியகத்தில் உள்ளதும் பிளெமிஷ் ஓவியர் பிரூகெலின் பெயரால் வழங்குவதுமான ஓவியத்தில் அதே மூவரும் இடம்பெறுகின்றனர். ஆனால், கடலில் விழுந்தவனை அவர்களில் எவரும் பார்க்கவில்லை. முன்புறத்தில் உழவன் தன் ஏரையே நோக்கிச் செல்கிறான். இக்காரஸின் கால்கள் மட்டும் ஒரு மூலையில், கப்பலின் அருகே, நீருக்கு மேல் தெரிகின்றன. இந்த ஓவியத்தைக் கண்ட கவிஞர் ஆடன் 1938இல் ஒரு கவிதை எழுதினார். கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் 1962இல் வெளியிட்ட தொகுப்பில் இவ்வோவியத்தைப் பற்றிய மற்றொரு கவிதை உள்ளது. பிறர் துன்பத்தின் அருகிலேயே உலகம் தன்போக்கில் இயங்குவதை இவ்விரு கவிதைகளும் வெவ்வேறு தொனியில் பேசுகின்றன. ஒரு கதை, அதை மாற்றிய ஓவியம், ஓவியத்தை வாசித்த இரு கவிதைகள் என நான்கு ஆக்கங்களையும் வரிசையாக வைக்கும்போது, வியப்பு எவ்வாறு அலட்சியமாக மாறியது என்பதை மாணவர் தாமே கண்டறிய முடிகிறது.

இரண்டாவது, தஞ்சை ஓவியமும் பெரியபுராணமும். பெருவுடையார் கோயில் 1010இல் நிறைவுற்றது. சேக்கிழார் பெரியபுராணம் இயற்றியதோ 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். எனவே, சுந்தரர் ஓவியம் காப்பியத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முற்பட்டது. நூலைப் பார்த்துத்தான் படம் வரையப்படும் என்னும் பொதுவான எண்ணத்தை இந்த ஒரு செய்தியே கலைத்துவிடும். தடுத்தாட்கொண்ட புராணத்தைப் படிக்கும் மாணவர், ஓலையோடு நிற்கும் முதியவரையும் அவையோரின் கைகளையும் முகங்களையும் ஓவியத்தில் கண்டு, வழக்கின் விறுவிறுப்பை ஓவியர் உடல்மொழியாலும் சேக்கிழார் உரையாடலாலும் உருவாக்குவதை ஒப்பிடலாம்.

மூன்றாவது, ஓவியத்தின் எல்லையைக் கற்பிக்கும் பாடம். குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் தலைவி தன் காதலை நிலத்தினும் பெரிது, வானினும் உயர்ந்தது, நீரினும் ஆழமானது என்கிறாள். அக்காதல், கரிய கொம்புகளையுடைய குறிஞ்சி மலர்களிலிருந்து தேன் உருவாகும் மலைச்சாரலுக்கு உரியவனோடு கொண்டது. மாணவர் இதை வரைய முற்பட்டால் நிலமும் வானும் கடலும் தாளில் வந்துவிடும். ஆனால், அவற்றை விஞ்சியது என்னும் ஒப்பீடு வராது. வரையக்கூடியவை மலையும் மலரும் தேனுமே. கண்ணுக்கு அகப்படாத பேரளவுகளால் தொடங்கிய பாடல், கைக்கு எட்டும் ஒரு சிறு மலரில் வந்து முடிவதன் ஆற்றலை, வரைய முயன்று திணறிய மாணவரே முழுமையாக உணர்வார். முதல், கரு, உரி என்னும் திணைப் பாகுபாட்டையும் இப்பயிற்சியால் எளிதில் விளக்கலாம்: பொழுதும் நிலமும் ஆகிய முதற்பொருளும், மரமும் விலங்கும் போன்ற கருப்பொருளும் தாளில் பதியும், புணர்தல், பிரிதல் முதலிய உரிப்பொருளை அவற்றின் வழியே உணர்த்தத்தான் முடியும்.

ஆய்வுகள் கூறுவன

சொல்லையும் காட்சியையும் மனம் இரு வழிகளில் பதிவுசெய்கிறது என்றும், இரண்டும் சேரும்போது நினைவு வலுப்பெறுகிறது என்றும் கனடிய உளவியலாளர் ஆலன் பைவியோ 1971இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இது ‘இரட்டைக் குறியீட்டுக் கொள்கை’ எனப்படும். சொற்களை எழுதிப் பார்ப்பதைவிட அவை குறிக்கும் பொருளை வரைந்து பார்ப்பது நினைவுக்கு உகந்தது என்பதை வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. மறுபுறம், பாடத்தோடு தொடர்பற்ற கவர்ச்சிப் படங்கள் கற்றலைக் குலைக்கும் என்பதை ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள் எடுத்துரைக்கின்றன. பாடநூலின் பக்கத்தை நிரப்புவதற்காக வைக்கப்படும் படத்துக்கு எதிரான வலுவான வாதம் இது.

கலைக்கல்வியால் பிற பாடங்களில் மதிப்பெண் உயரும் என்னும் பரவலான கூற்றை எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் 2000இல் மறுஆய்வு செய்து, நாடகப் பயிற்சி மொழித்திறனை வளர்ப்பது போன்ற சில இனங்களைத் தவிர, அக்கூற்றுக்குப் போதிய சான்று இல்லை என்று முடிவுகூறினர். இந்த முடிவு கலைக்கல்விக்குப் பாதகமானதன்று. அதை ஆதரிப்போர் தவறான காரணத்தைக் காட்ட வேண்டியதில்லை என்பதையே இது தெளிவாக்குகிறது. கலைக்கூடப் பயிற்சியில் மாணவர் பெறும் கூர்ந்து நோக்குதல், விடாமுயற்சி, கற்பனை செய்தல், தன் ஆக்கத்தைத் தானே மதிப்பிடுதல் போன்ற மனப்பழக்கங்களை அதே ஆய்வாளர்கள் பின்னர் விரிவாக ஆராய்ந்தனர். இலக்கிய வாசிப்புக்குத் தேவைப்படுபவையும் இப்பழக்கங்களே.

உரையாடல் முறையில் குறிப்பிடத்தக்கது, உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பொறுப்பாளராக இருந்த பிலிப் யெனவைனும் உருவாக்கிய ‘காட்சிச் சிந்தனை உத்திகள்’ என்னும் முறையாகும். படத்தில் என்ன நடக்கிறது, எதைக் கண்டு அவ்வாறு சொல்கிறீர்கள், இன்னும் என்ன காண முடிகிறது என்னும் மூன்று வினாக்களை மட்டுமே ஆசிரியர் கேட்கிறார். இவற்றுள் இரண்டாவது வினா இலக்கிய வகுப்புக்கு மிக இன்றியமையாதது. ஓவியத்தில் சான்று காட்டிப் பேசப் பழகிய மாணவர், செய்யுளிலும் சொல்லைச் சுட்டிக் காட்டிப் பேசத் தயங்கமாட்டார். கோனார் உரை போன்ற துணைநூல்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பழக்கத்துக்கு இது நேர் மாற்றாகும்.

நடைமுறையும் தடைகளும்

இத்தகைய பாடத்தை நடத்துவதற்கு இரண்டு பாடவேளைகளும் ஓவியத்தின் ஒரு நல்ல படியும் போதும். முதலில் தலைப்போ விளக்கமோ இன்றி ஓவியத்தைச் சில நிமிடங்கள் அமைதியாகப் பார்க்கச் செய்தல், அடுத்து நூற்பகுதியை வாய்விட்டு வாசித்தல், பின்னர் ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றைப் பட்டியலிடுதல், இறுதியில் தாம் தேர்ந்த ஒரு கணத்தை வரைந்து அத்தேர்வுக்கு நூலிலிருந்து காரணம் எழுதுதல் என்பது பொருத்தமான வரிசை. ஓவியத்தை முதலில் காட்டுவதற்குக் காரணம் உண்டு: நூலை முதலில் படித்தவர் ஓவியத்தில் அந்த நூலை மட்டுமே தேடுவார்.

தடைகள் மூன்று. ஒன்று, தமிழாசிரியர் பயிற்சியில் ஓவியத்தைப் பார்க்கும் பயிற்சி இடம்பெறுவதில்லை. ஓவிய ஆசிரியர் பயிற்சியில் இலக்கியம் இடம்பெறுவதில்லை. இருவரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நின்று கற்பிக்கக் கால அட்டவணை இடங்கொடுக்க வேண்டும். இரண்டு, மூல ஓவியங்கள் மாணவர்க்கு எட்டுவதில்லை. தஞ்சையின் உட்சுற்று பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருப்பதில்லை. பாடநூல் தாளில் மங்கலாக அச்சான சிறு படம் அந்தக் குறையைத் தீர்க்காது. வகுப்புச் சுவரில் தொங்கவிடத்தக்க பெரிய படிகளும் திரையில் பெரிதாக்கிக் காட்டத்தக்க மின்படிகளும் பள்ளிகளுக்குக் கிடைக்க வேண்டும். மூன்று, தேர்வு. கை நேர்த்தியை வைத்து மதிப்பெண் இட்டால், வரையத் தெரியாத நுட்பமான வாசகர் பின்தங்குவார். வரைவு எவ்வளவு அழகானது என்பதை விட்டு, அதில் செய்த ஒவ்வொரு தேர்வுக்கும் மாணவர் நூலில் காட்டும் ஆதாரத்தையே மதிப்பிட வேண்டும்.

முடிவாகக் கூறத்தக்கது இது: ஓவியத்தை இலக்கியத்தின் ஏவலாளாக வைத்திருக்கும்வரை இணைத்துக் கற்பித்தல் பாடநூலின் ஒப்பனையாகவே எஞ்சும், ஓவியரை நூலின் வாசகராகவும் மாணவரை அவ்விருவரையும் ஒப்புநோக்கும் மூன்றாம் வாசகராகவும் ஏற்கும்போது அது இலக்கியக் கல்வியின் உயிரான பகுதியாகும். திருப்பரங்குன்றத்து ஓவியங்களையும் நெடுநல்வாடையின் விதானத்தையும் சித்தன்னவாசல் ஓவியங்களையும் தஞ்சைச் சுவர்களையும் தன்னிடத்தே கொண்ட ஒரு மொழிக்கு இதற்கான பாடப்பொருளை வெளியிலிருந்து கடன்பெற வேண்டிய தேவையில்லை. பாடநூல் குழுவினர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு செய்யுளையாவது ஓர் ஓவியத்தோடு சம இடம் தந்து அமைக்க வேண்டும். தமிழாசிரியர்களும் ஓவிய ஆசிரியர்களும் அதை ஒருங்கே நின்று கற்பிக்க முன்வர வேண்டும்.